1000 த்ரெட் கவுண்ட் பெட்ஷீட்டைச் சமையலறைத் தராசில் வைத்தேன், குட்டு வெளிப்பட்டது!

(காட்சி: சமையலறை மேடை. எலெக்ட்ரானிக் தராசு. அதன்மேல் நான்காக மடித்த பெட்ஷீட்.)

வணக்கம் மக்களே. இது எங்கள் வீட்டில் தோசைக்கு அரிசி நிறுக்கிற தராசு. இன்றைக்கு அதன்மேல் உட்கார்ந்திருப்பது பெட்ஷீட். கவரில் கொட்டை எழுத்தில் "1000 த்ரெட் கவுண்ட்" என்று போட்டிருந்தது. ஆன்லைனில் 799 ரூபாய், அதுவும் இரண்டு தலையணை உறையோடு. எங்கே வாங்கினேன் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன், ஏனென்றால் இதே கூத்து பத்து இடங்களில் நடக்கிறது. தராசு காட்டுகிற ஒரே ஒரு எண்ணை வைத்து அந்த ஆயிரத்தின் கதையை முடிக்கப் போகிறேன். லேப் வேண்டாம், மைக்ராஸ்கோப் வேண்டாம். ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் போதும்.

அதற்கு முன்னால் கொஞ்சம் போரடிக்கிற பகுதி, முப்பது நொடியில் முடித்துவிடுகிறேன். துணியில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. ஒரு சதுர அங்குலத்தில் பாவு நூல் எத்தனை, ஊடை நூல் எத்தனை என்று எண்ணிக் கூட்டினால் வருவதுதான் த்ரெட் கவுண்ட். நூறும் நூறும் இருந்தால் 200. அவ்வளவுதான். "அதிகமாக இருந்தால் நல்லது" என்று யாரோ ஒருவர் சொல்லிவைத்தார், அன்றிலிருந்து கவரில் எண் ஏறிக்கொண்டே போகிறது.

சரி, கணக்குக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டபுள் பெட்ஷீட் 90க்கு 108 அங்குலம். பெருக்கினால் 9,720 சதுர அங்குலம். த்ரெட் கவுண்ட் 200 என்றால் ஒவ்வொரு சதுர அங்குலத்துக்குள்ளும் ஒரு அங்குல நூல்துண்டுகள் 200 கிடக்கின்றன. ஆக மொத்தம் 19,44,000 அங்குல நூல். இதைக் கிலோமீட்டராக மாற்றிப் பார்த்தபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது. 49 கிலோமீட்டர்! நீங்கள் தினமும் உதறி விரிக்கிற சாதாரணப் பெட்ஷீட்டுக்குள் கிட்டத்தட்ட கோயம்புத்தூரிலிருந்து திருப்பூர் வரைக்கும் போகிற அளவுக்கு நூல் இருக்கிறது. நூல் மேலும் கீழுமாக வளைந்து வளைந்து போவதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும், அதை விட்டுவிடுவோம்.

இப்போது 1000 த்ரெட் கவுண்ட். அதே அளவு பெட்ஷீட்டில் 247 கிலோமீட்டர் நூல். மதுரையில் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டால் மறுநுனி கன்னியாகுமரிக் கடலில் நனையும்.

இவ்வளவு நூல் எவ்வளவு எடை இருக்கும்? இங்கேதான் நூல் நம்பர் வருகிறது. வேட்டிக் கடையில் கேட்டிருப்பீர்கள், "எண்பதாம் நம்பரா, நூறாம் நம்பரா?" என்று. ஒரு பவுண்டு எடையுள்ள, அதாவது 454 கிராம் நூலில், 840 கஜ நீளமுள்ள நூல்சுருள், அதாவது சிட்டம், எத்தனை கிடைக்கிறதோ அதுதான் நம்பர். 40 சிட்டம் கிடைத்தால் நாற்பதாம் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசாகும். இது பழைய இங்கிலீஷ்காரன் கணக்கு, அவன் போயும் நம் மில்களில் இன்னும் இதுதான் ஓடுகிறது.

200 த்ரெட் கவுண்ட் பெட்ஷீட்டை நாற்பதாம் நம்பர் நூலில் நெய்தால் சுமார் 730 கிராம் வரும். 300 த்ரெட் கவுண்டை அறுபதாம் நம்பரில் நெய்தால்? அதே 730 கிராம்! நூல் எண்ணிக்கை ஒன்றரை மடங்கு, நூலோ அதே அளவுக்கு மெல்லிசு, எடை அப்படியே நிற்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு இதைக் கண்டுபிடித்துவிட்டு அம்மாவை எழுப்பிச் சொன்னேன். "படுடா" என்றார்.

ஆயிரத்தை அதே அறுபதாம் நம்பரில் நெய்தால் 2 கிலோ 400 கிராம். நாற்பதாம் நம்பரில் நெய்தால் மூன்றரைக் கிலோவைத் தாண்டும். துவைத்துப் பிழிய இரண்டு ஆள் வேண்டும், காயப்போட்டால் கொடிக்கயிறு அறுந்து விழும்.

(காட்சி: தராசின் திரை. 880 கிராம்.)

இதோ, நம்ம ஹீரோ. 880 கிராம். 247 கிலோமீட்டர் நூல் 880 கிராமுக்குள் அடங்க வேண்டுமென்றால் அது 165ஆம் நம்பர் நூலாக இருந்தாக வேண்டும். நூறாம் நம்பர் வேட்டியையே கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு, சாம்பார் தெறித்துவிடுமோ என்று பயந்து பயந்து சாப்பிடுகிறோம். அதைவிட மெல்லிய பருத்தி நூலில் பெட்ஷீட் நெய்து, இரண்டு உறையையும் கூட வைத்து, வீட்டு வாசலில் கொண்டுவந்து 799 ரூபாய்க்குத் தருகிறார்களாம். நம்பலாமா?

அப்படியானால் ஆயிரம் எங்கிருந்து வந்தது? ஒரு வழி, புரி. இரண்டு மூன்று மெல்லிய நூலைச் சேர்த்து முறுக்கி ஒரே நூலாக்கி நெய்துவிட்டு, எண்ணும்போது மட்டும் தனித்தனியாக எண்ணுவது. 250 நூல், ஒவ்வொன்றிலும் நான்கு புரி, ஆகவே 1000. இது ஒரு டஜன் வாழைப்பழத்தை உரித்துத் தோலையும் சேர்த்து எண்ணுகிற கதை. அமெரிக்காவில் இது பஞ்சாயத்தாகி, 2005இல் அங்குள்ள வணிக ஆணைய அதிகாரிகள், புரியை எண்ணி எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவது வாங்குகிறவரை ஏமாற்றக்கூடும் என்று எழுத்திலேயே சொன்னார்கள். இன்னொரு வழி, பாவு திறக்கும்போது ஒரு ஊடைக்குப் பதிலாக மூன்று நான்கு மெல்லிய ஊடைகளைச் சேர்த்தே உள்ளே விட்டுவிடுவது.

வீட்டில் பார்க்க வேண்டுமா? ஓரத்தில் ஒரு நூலை ஊசியால் இழுத்தெடுங்கள். இரண்டு விரலுக்கு நடுவில் முறுக்குக்கு எதிர்த்திசையில் உருட்டுங்கள். இரண்டு நூலாகப் பிரிந்தால் இரட்டைப்புரி. பிரியாமல் பஞ்சாகவே இழைந்து அறுந்தால் ஒற்றை நூல்.

(காட்சி: விரல்களுக்கு நடுவில் நூல், மிக நெருக்கத்தில்.)

என்னுடையது என்ன ஆனது தெரியுமா? பஞ்சே வரவில்லை. வழவழவென்று தலைமுடி மாதிரி நீள நீளமாய்ப் பிரிந்தது. சந்தேகம் வந்து, இடுக்கியில் பிடித்து அகல் விளக்கில் காட்டினேன். கீழே எவர்சில்வர் தட்டு வைத்துக்கொண்டு செய்யுங்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் தொட்டால் உதிரும். இது சுருண்டு உருகி, கறுப்பாய்க் கடுகு மாதிரி ஒரு உருண்டையாகிவிட்டது, நசுக்கினாலும் நசுங்கவில்லை. பாலியஸ்டர். பாலியஸ்டரில் இழையை எவ்வளவு வேண்டுமானாலும் மெல்லிசாக எடுக்கலாம், ஒரு நூலுக்குள் இருக்கிற இழையையெல்லாம் எண்ண ஆரம்பித்தால் ஆயிரம் என்ன, பத்தாயிரமும் போடலாம்.

உடனே கவரை எடுத்து மறுபடி படித்தேன். "காட்டன் ஃபீல்" என்று போட்டிருக்கிறது! "காட்டன்" பெரிய எழுத்தில், "ஃபீல்" எறும்பு மாதிரி. "சிக்கன் ஃபீல் பிரியாணி" என்று பலகை வைத்தால் அந்தக் கடைக்குப் போவோமா? பெட்ஷீட்டில் மட்டும் எப்படியோ கண் தாண்டிவிடுகிறது.

பாலியஸ்டரே கெட்டது என்று சொல்லவில்லை. சீக்கிரம் காயும், சுருங்காது, ஹாஸ்டலுக்கு அதுதான் சௌகரியம். ஆனால் சென்னையில் மே மாதம் கரண்ட் போன ராத்திரியில் அதன்மேல் படுத்துப் பாருங்கள், வேர்வையை உறிஞ்சாது, முதுகில் ஒட்டிக்கொண்டே எழுந்து வரும். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணியில் இன்னொரு தொல்லை, கொஞ்ச நாளில் மேலே குட்டிக் குட்டி உருண்டைகள் வரும். தனிப் பருத்தியில் அந்த உருண்டை தானே உதிர்ந்துபோகும், கலப்புத் துணியில் பாலியஸ்டர் இழை அதை விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது.

அப்புறம், மூங்கில் பெட்ஷீட். மூங்கிலைக் கூழாக்கி, ரசாயனத்தில் கரைத்து, இழையாகப் பிழிந்தெடுப்பது. அதாவது பெரும்பாலும் ரேயான். மென்மையாக இருக்கும், மறுக்கவில்லை. மூங்கில் காட்டிலிருந்து நேராக வந்த மாதிரி விளம்பரம் செய்வதைத்தான் தாங்க முடியவில்லை.

சரி, நல்லதை எப்படித் தேர்ந்தெடுப்பது? முதலில் நெசவு. பர்கேல் என்றால் ஒன்று மேலே, ஒன்று கீழே. நம்ம ஊர் வேட்டி மாதிரிதான். மொடமொடவென்று இருக்கும், காற்று புகும், துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும். சாட்டீனில் பெரும்பாலும் நான்கு நூலைத் தாண்டித்தான் ஒரு இடத்தில் கீழே இறங்கும், அதனால் மேற்பரப்பு பளபளவென்று வழுக்கும், ஏசி அறைக்கு அருமை. ஆனால் அந்தத் தாண்டுகிற நூல்கள் மேலே பிடிமானம் இல்லாமல் கிடக்கின்றன. அம்மாவின் மெட்டி ஒரு தடவை மாட்டியது, ஒரு சாண் நூல் வெளியே வந்துவிட்டது. மெட்டி, கொலுசு, பூனை, இந்த மூன்றில் ஒன்று வீட்டில் இருந்தாலும் பர்கேலுக்குப் போய்விடுங்கள், என் ஓட்டு எப்போதும் அதற்குத்தான்.

த்ரெட் கவுண்ட் ஒற்றை நூலில் 200இலிருந்து 400க்குள் இருந்தால் தாராளம். அதற்குமேல் போட்டிருந்தால் எத்தனை புரி என்று கேளுங்கள்.

எண்ணைவிடப் பெரிய விஷயம் பஞ்சின் இழை நீளம். இழை நீளமாக இருந்தால் நூலில் முனைகள் குறையும், துணி சீக்கிரம் நையாது. அதனால்தான் எகிப்து பருத்திக்கு அவ்வளவு பேர், பேர் இருக்கிற இடத்தில் போலியும் இருக்கும். 2016இல் அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம், எகிப்து பருத்தி என்று விற்ற பெட்ஷீட்டுகளும் உறைகளுமாக ஏழரை லட்சம் உருப்படிகளில் வேறு பருத்தி இருந்ததைக் கண்டுபிடித்து, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய கடைக்கே இந்தக் கதி.

எகிப்தை விடுங்கள், நம்மிடமே ஒன்று இருக்கிறது. சுஜாதா என்றொரு ரகம், செயின்ட் வின்சென்ட் என்று கரீபியத் தீவின் பெயர் கொண்ட இன்னொரு ரகம், இரண்டையும் கலந்து கோயம்புத்தூரில் உருவாக்கி 1974இல் வெளியிட்டார்கள். பெயர் சுவின். "சு" சுஜாதாவிலிருந்து, "வின்" வின்சென்ட்டிலிருந்து. கல்யாணப் பத்திரிகையில் ஹேஷ்டேக் போடுகிற மாதிரி அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார்கள்! உலகத்தின் மிக நீண்ட இழைப் பருத்திகளில் ஒன்று. விளைச்சல் குறைவு, பூச்சித் தொல்லை, அதனால் கொஞ்சம்தான் கிடைக்கும், விலையும் அப்படியே.

கடையில் நிற்கும்போது செய்ய வேண்டியது இரண்டு. துணியை டியூப்லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். வெளிச்சம் சீராக வந்தால் நல்ல நெசவு, திட்டுத் திட்டாக வந்தால் வைத்துவிடுங்கள். அடுத்து, ஒரு மூலையைக் கறுப்புப் பேன்ட் மேல் வைத்துக் கசக்குங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்தால் கஞ்சியை ஏற்றியே கனம் காட்டியிருக்கிறார்கள், முதல் அலசலில் பாதி உடம்பு போய்விடும். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கிற டெஸ்ட்டையும் சிலர் சொல்வார்கள், புதுத் துணியில் அது சரிவராது, மேலே பூசிய ஃபினிஷ் காரணமாக நல்ல பருத்தியிலும் தண்ணீர் கொஞ்ச நேரம் உருண்டு நிற்கும். ஒரு தடவை துவைத்த பிறகு செய்யுங்கள். சாயத்துக்கு ஈரக் கைக்குட்டையால் தேய்த்துப் பாருங்கள், வேறெதுவும் வேண்டாம்.

அளவைப் பற்றி ஒரு நிமிஷம். மெத்தை 72க்கு 78, உயரம் 8 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 அங்குலப் பெட்ஷீட்டை விரித்தால் பக்கத்துக்கு 9 அங்குலம்தான் தொங்கும், மெத்தை உயரத்துக்கே 8 போய்விட்டது, கீழே செருக மிச்சம் ஒரே ஒரு அங்குலம். விடிவதற்குள் சுருண்டு யார் காலடியிலாவது கிடக்கும், "நீதான் இழுத்தாய்" என்று சண்டை வரும். இந்த மெத்தைக்கு 108க்கு 108 வாங்குங்கள். பருத்தி முதல் துவையலில் கொஞ்சம் சுருங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கடைசியாக, த்ரெட் கவுண்டே போடாத பெட்ஷீட் ஒன்று. ஈரோடு பக்கம் சென்னிமலை. மலைமேல் முருகன், கீழே தறிச் சத்தம். அங்கே நெய்கிற பெட்ஷீட் கனமானது, முதல் வாரம் முரட்டுத்தனமாக இருக்கும், விரிக்கலாம், போர்த்தலாம், ஊருக்குப் போகும்போது பையும் கட்டலாம். சில ரகத் துணிகளைக் கைத்தறியில் மட்டும்தான் நெய்யலாம் என்று 1985இல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப் பட்டியலில் பெட்ஷீட்டும் ஒன்று. கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று தள்ளிவிடுகிறவர்களும் உண்டு.

எங்கள் வீட்டில் ஒன்று கிடக்கிறது, எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து. கட்டம் போட்ட பச்சை, இப்போது பச்சை என்று சொன்னால்தான் தெரியும். அதையும் தராசில் வைக்கலாம் என்று மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

(காட்சி: கேமராவுக்கு வெளியிலிருந்து ஒரு கை நீண்டு பச்சைப் பெட்ஷீட்டை வாங்கிக்கொள்கிறது.)

அம்மா தரவில்லை மக்களே. "அரிசி நிறுக்கிற தராசுல துணியைப் போடாதே" என்கிறார். 880 கிராம்காரன் இப்போது பைக்குக்கு மேல்மூடியாக இருக்கிறான், மழையில் நனைந்தால் சீக்கிரம் காய்கிறான், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். உங்கள் வீட்டுப் பெட்ஷீட் எத்தனை கிராம், கவரில் எத்தனை த்ரெட் கவுண்ட் போட்டிருக்கிறது, இரண்டையும் கீழே எழுதுங்கள், நூல் எத்தனையாம் நம்பர் என்று நான் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். தலையணை உறையை எடுத்துவிட்டு நிறுங்கள்!