வியாழனில் ஏன் ஒரு பள்ளம்கூட இல்லை?

எல்லாருக்கும் வணக்கம். இங்கே காற்று பலமாக அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். காலையில் லெனேசியாவிலிருந்து கிளம்பி பாரிஸ் பக்கம் வந்திருக்கிறேன். நம் தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ ஸ்டேட்டில், வால் ஆற்றங்கரையில் இருக்கும் பாரிஸ்.

போன வாரம் அண்ணன் மகள் கேட்டாள்: "சித்தப்பா, வியாழன் அவ்வளவு பெரிசு, அதில் எத்தனை பள்ளம் இருக்கும்?" ஒன்றுகூட இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. அவளுக்காகத்தான் இந்த வீடியோ.

எனக்குப் பின்னால் வளைந்து போகிற மலைகளைப் பாருங்கள். இதுதான் ஃப்ரேடஃபோர்ட். சுமார் 202 கோடி வருடங்களுக்கு முன்னால் விண்ணிலிருந்து ஒரு பெரும்பாறை இங்கே வந்து மோதியது. அந்த வேகத்தில் நிலத்தடி அடுக்குகள் புரண்டு மேலே எழும்பின. பள்ளம் முதலில் 250, 300 கிலோமீட்டர் அகலம் இருந்திருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். மழையும் ஆறும் மேல்பகுதியைப் பல கிலோமீட்டர் ஆழத்துக்கு அரித்துவிட்டன. ஆனாலும் தடம் போகவில்லை, பாருங்கள்.

புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் நான்குமே பாறைக் கோள்கள். வாங்கிய அடி பாறையில் பதிந்து நிற்கும். புதனில் காலோரிஸ் என்று ஒரு பள்ளம், குறுக்கே 1,500 கிலோமீட்டருக்கு மேல். அங்கே அரித்துப்போக மழையும் இல்லை, ஆறும் இல்லை. வெள்ளியில் மட்டும் பள்ளங்கள் குறைவு, எரிமலைக் குழம்பு பழைய தடங்களை மூடிவிட்டது.

சரி, வியாழனுக்கு வருவோம். 1994 ஜூலையில் ஷூமேக்கர்-லெவி 9 என்ற வால்நட்சத்திரம் உடைந்து, துண்டு துண்டாக ஒரு வாரம் வியாழனில் விழுந்தது. ஒரு துண்டு விழுந்த இடத்தில் நம் பூமி அளவுக்குக் கறுப்புக் கறை! யோசித்துப் பாருங்கள், ஃப்ரேடஃபோர்ட் எல்லாம் அதன் ஓரத்தில் காணாமல் போய்விடும். ஆனால் சில மாதங்களில் அங்கே வீசும் காற்று அந்தக் கறையை இழுத்துக் கலைத்துவிட்டது.

பதிய அங்கே தரை இல்லை, அதுதான் காரணம். வியாழனும் சனியும் பெரும்பாலும் ஹைட்ரஜன், ஹீலியம். கீழே போகப் போக வாயு நெருங்கி நெருங்கித் திரவமாகிறது, இதுதான் மேற்பரப்பு என்று காட்ட ஒரு கோடு கிடையாது. 1995 டிசம்பரில் கலிலியோ விண்கலம் இறக்கிவிட்ட கருவி வியாழனுக்குள் ஒரு மணி நேரம் போல விழுந்துகொண்டே செய்தி அனுப்பியது. அப்புறம் அழுத்தமும் சூடும் ஏறி அடங்கிப்போனது. கடைசி வரை அது எதிலும் மோதவில்லை. எனக்கு அதை நினைத்தாலே உடம்பு சிலிர்க்கும்.

யுரேனஸும் நெப்டியூனும் கொஞ்சம் வேறு. உள்ளே நீர், அம்மோனியா, மீத்தேன் அதிகம். அவற்றிலும் தரை இல்லை.

கோயிலில் நவக்கிரகம் சுற்றும்போது குருவும் புதனும் ஒரே உயரச் சிலைகள்தான். ஆனால் வானத்தில் குருவின் எடை நம் பூமியைப் போல 318 மடங்கு. அவ்வளவு பெரியவர்மேல் நிற்க ஓர் அடி இடம் இல்லை.

இருங்கள், கேமராவைக் கீழே கொண்டுவருகிறேன். இந்தப் பாறையில் குதிரை வால் மாதிரி விரிகிற கோடுகள் தெரிகிறதா? மோதல் அதிர்ச்சி பாறைக்குள் பாய்ந்தபோது விழுந்த கோடுகள். இது உலகப் பாரம்பரிய இடம், கல்லைப் பெயர்த்து எடுக்கக்கூடாது. கண்ணு, உனக்காக விரலால் தடவிக் காட்டுகிறேன், பார்.