அடுத்து வருபவருக்கு ஒரு குறிப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

மூலக்கூறுகளின் அசைவைக் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பது என் வேலை. சிமுலேஷன் என்பார்கள். எங்களிடம் பயிற்சி மாணவர்கள் வந்து போவார்கள். இரண்டு மாதம், மிஞ்சினால் மூன்று. வேலை பிடிபடவே பாதி நாள் ஓடிவிடும், பிடிபட்டதும் கிளம்பும் நாள் வந்துவிடும். அவர்கள் கற்றது அவர்களோடு போய்விடாமலிருக்க ஒரு கையளிப்புக் குறிப்பு எழுத வேண்டும். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

பெரும்பாலும் கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்துவிடுகிறோம். இந்தக் கோப்பைத் திற, இதை ஓட்டு, இந்த வரைபடம் வரும். சரி, அதுவும் வேண்டும். ஆனால் முதல் பிழைச் செய்தி வந்ததுமே அந்தக் குறிப்பு கைவிட்டுவிடும். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது ஏன் அப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள் என்று நான் கெஞ்சாத குறையாகச் சொல்வேன்.

ஓர் எடுத்துக்காட்டு. எங்கள் உள்ளீட்டுக் கோப்பில் காலப்படி, அதாவது கணக்கு ஒவ்வொரு அடியிலும் முன்னேறும் நேரம், 2 பெம்டோ விநாடி என்றிருக்கும். ஒரு பெம்டோ விநாடி என்பது ஒரு விநாடியின் பத்து கோடி கோடியில் ஒரு பங்கு. புதியவருக்கு அது வெறும் 2. 4 ஆக்கினால் வேலை பாதி நேரத்தில் முடியுமே என்று தோன்றும். மாற்றினால் ஆற்றல் கட்டுக்கடங்காமல் ஏறி, ஓட்டம் பாதியில் நின்றுபோகும். ஹைட்ரஜன் அணுவை இன்னோர் அணுவோடு இணைக்கும் வேதிப் பிணைப்பு ஒருமுறை அதிர்ந்து முடிய ஏறத்தாழ 10 பெம்டோ விநாடிதான் ஆகிறது. அதைப் பின்தொடரக் காலப்படி 1 அளவில் இருக்க வேண்டும். அந்தப் பிணைப்புகளின் நீளத்தை நிலையாகக் கட்டிவைத்திருப்பதால்தான் 2 வரை போகிறோம். இந்தக் காரணம் தெரிந்தவருக்கு, அதை எப்போது மாற்றலாம் என்பதும் தெரியும். ஹைட்ரஜன் அணுக்களின் நிறையைக் கூட்டிக் கணக்கிடும் முறையில் அதே 4 சரியாகவே ஓடும்.

அப்புறம், எதை அச்சிட்டோம், எதைச் சேமித்தோம் என்ற வேறுபாடு. 1961இல் வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரன்ஸ் தன் வானிலைக் கணக்கை நடுவிலிருந்து மறுபடி ஓட்டினார். அச்சிட்ட தாளைப் பார்த்து 0.506 என்று கொடுத்தார். கணினியின் நினைவில் இருந்ததோ 0.506127. கொஞ்ச நேரத்தில் இரண்டு கணக்குகளும் வெவ்வேறு வானிலைக்குப் போய்விட்டன. ஆகவே பாதியில் நின்ற ஓட்டத்தை எந்தக் கோப்பிலிருந்து தொடர வேண்டும் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். இதோடு சேர்ந்த இன்னொன்று: செயலிகளின் எண்ணிக்கை மாறினால் எண்களைக் கூட்டும் வரிசை மாறும், கடைசி இலக்கங்கள் மாறும், மூலக்கூறுகள் போகும் பாதைகள் விலகும். இதைச் சொல்லாவிட்டால் புதியவர் தன்மீதே சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார். ஒத்துப்போக வேண்டியது சராசரிகள். எவ்வளவு வித்தியாசம் வரை ஏற்கலாம் என்பதையும் எழுதிவையுங்கள்.

தோல்வியில் முடிந்த ஓட்டங்களை எழுத யாருக்கும் மனம் வராது. ஒருமுறை ஒரு மாணவி, அமைப்பு சமநிலைக்கு வருமுன்பே அழுத்தக் கட்டுப்பாட்டைப் போட்டுவிட்டு, மூலக்கூறுகளை அடைத்துவைத்த கணக்கீட்டுப் பெட்டியின் அளவு தாறுமாறாக ஊசலாடுவதைப் பார்த்து இரண்டு வாரம் தவித்தாள். அவளுக்கு முன்பு இருந்தவரும் அதே இடத்தில் முட்டிக்கொண்டு, வெளியே வந்து, யாரிடமும் சொல்லாமல் கிளம்பியிருந்தார். அந்த இரண்டு வாரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் வலிக்கிறது. அதற்குப் பிறகு தோல்விகளுக்கென்றே தனிப் பக்கம் வைத்திருக்கிறோம். முதலில் திறக்கப்படுவது அந்தப் பக்கம்தான்.

மென்பொருளின் பதிப்பு, தரவு இருக்கும் இடம், எந்தக் கோப்புறை தானாக அழிக்கப்படும் என்பவை கட்டாயம் இருக்க வேண்டியவை. அவற்றை விரித்துப் பேச ஒன்றுமில்லை.

எழுதி முடித்ததும் குறிப்பைப் புதியவர் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். சில நிமிடங்களில் முடியும் சிறிய ஓட்டம் ஒன்றை அவரே ஓட்டிப் பார்க்கட்டும். அவர் திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும், எந்த வரியில் நின்றார் என்று குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் அந்த வரிகளை அவரையே திருத்தி எழுதச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.