காசிமேட்டுப் பூனைக்கு மீன் மட்டும் போதுமா?

[காட்சி: காசிமேடு மீன்பிடித் துறைமுகம், விடியற்காலை. மீன் கூடைகளுக்கு நடுவே பூனைகள்.]

பூனைக்கு மீன் என்றால் உயிர். ஆனால் தினமும் பச்சை மீனை மட்டுமே தின்று வளர்கிற பூனை, ஒரு கட்டத்தில் தலையைத் தூக்க முடியாமல் போகலாம் என்றால் நம்புவீர்களா? ராயபுரம், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கம் பூனை வளர்க்கிற ஒவ்வொருவரும் இதைக் கடைசி வரை பாருங்கள்.

முதலில் நாய்ச் சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு ஓநாயை விட நாய்க்கு அதிக நகல்களாக இருக்கிறது, 2013-ல் கண்டுபிடித்தார்கள். அதனால் கறியோடு கொஞ்சம் சோறு பரவாயில்லை. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது, மிச்சம் விழுந்த பிரியாணியும் அதனால்தான் வேண்டாம்.

சரி, பூனைக்கு வருவோம்.

பூனைக்கு இனிப்பே தெரியாது! இனிப்பை உணர வேண்டிய மரபணு அதன் உடம்பில் பழுதாகிக் கிடக்கிறது என்று 2005-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்த தகவல் இது, ஏனென்றால் இந்தப் பிராணி எந்த அளவுக்குக் கறிக்காகவே பிறந்தது என்பது இந்த ஒன்றிலேயே தெரிந்துவிடுகிறது. டாரின் என்று ஒரு சத்து, அதைப் பூனையின் உடம்பு போதுமான அளவு தயாரிக்காது, கறியிலும் மீனிலும் இருந்துதான் வர வேண்டும், சோற்றிலும் காய்கறியிலும் அது கிட்டத்தட்ட கிடையாது. டாரின் குறைந்தால் இதயத் தசை தளர்ந்து, இதயம் வீங்கிப்போகும். 1987-ல் கலிபோர்னியாவில் இதைக் கண்டுபிடித்தபோது, கடையில் விற்ற பூனை உணவு சிலவற்றிலேயே அது போதாமல் இருந்தது! தயிர் சோறு மட்டும் தின்கிற பூனையின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இன்னொன்று, டாரின் தண்ணீரில் கரையும். கோழியை வேக வைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், அதையும் சேர்த்தே வையுங்கள்.

[காட்சி: மீன் கழுவும் இடம். தலை, குடல், செதில்.]

மீனில்தான் டாரின் இருக்கிறதே, அப்புறம் என்ன? சில வகைப் பச்சை மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி ஒன்று இருக்கிறது. அதையே தின்றுகொண்டிருந்தால் பூனை தள்ளாடும், தாடை நெஞ்சில் இடிக்கிற மாதிரி தலை கீழே தொங்கிப்போகும், வலிப்பும் வரும். வேக வைத்தால் அந்த நொதி செத்துவிடும். ஆனாலும் மத்தி மாதிரி கொழுப்பு மீனையே எந்நேரமும் போட்டால் வைட்டமின் ஈ பற்றாக்குறையாகி, தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு அழன்று, தொட்டாலே வலியில் கத்தும். அதனால் மீனை வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் வேக வைத்துப் போடுங்கள், அதுவே தாராளம். கருவாடு வேண்டவே வேண்டாம், அவ்வளவு உப்பு. பாக்கெட் உணவு வாங்கினால் ‘கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு’ (தேவையான எல்லாச் சத்தும் சரியான அளவில் இருக்கிறது) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாதது பெரும்பாலும் தின்பண்டம்தான்.

வயதான பூனைக்குச் சிறுநீரகம் பழுதானால் பாஸ்பரஸ் குறைந்த சாப்பாடு வேண்டும். அது தனி உணவு, ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் சொன்னால் மட்டும் கொடுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது.

புது சாப்பாட்டைப் பழையதோடு கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் மெதுவாக மாற்றுங்கள். “பசித்தால் தானாகச் சாப்பிடும்” என்று பட்டினி போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே, அதிலும் குண்டுப் பூனை என்றால், ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

கடைசியாக, ஆண் பூனை வைத்திருக்கிறவர்களுக்கு. மண் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறது, சொட்டு மூத்திரம்கூட வரவில்லை என்றால் அது மலச்சிக்கல் என்று நினைத்து வீட்டில் வைத்திருக்காதீர்கள். மூத்திரக் குழாய் அடைத்திருக்கலாம், ஓரிரு நாளில் உயிர் போய்விடும். சாப்பாட்டை மாற்றுவதெல்லாம் பிறகு, ராத்திரியாக இருந்தாலும் உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.