இரும்பொட்சைட்டின் மேற்பரப்பும் வயலின் பொசுபரசும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். திருகோணமலை மாவட்டத்தின் மேட்டுநிலங்களுக்குச் செங்கபில நிறத்தைத் தருபவை ஏமத்தைற்று, கோதைற்று முதலிய இரும்பொட்சைட்டுக் கனிமங்கள். மண்ணில் எவ்வளவு இரும்பு உண்டு என்று கேட்பதே நம்மிடையே வழக்கம். அந்த இரும்பு தன் மேற்பரப்பில் எத்தகைய ஐதரொட்சில் கூட்டங்களை, அதாவது ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த அலகுகளை, தாங்கி நிற்கிறது என்பதே முதலில் கேட்கத்தக்கது என்று நான் கருதுகிறேன்.

இக்கனிமங்களின் படிகத்தினுள் ஒவ்வோர் இரும்பு அயனையும் ஆறு ஒட்சிசன்கள் சூழ்ந்திருக்கின்றன. மேற்பரப்பில் இந்த ஒழுங்கு அறுபடுவதால் நீர் மூலக்கூறுகள் அங்கே பிணைந்து பிரிந்து ஐதரொட்சில் கூட்டங்களாகின்றன. அவற்றுட் சில ஒரே இரும்போடும், சில இரண்டோடும், வேறு சில மூன்றோடும் பிணைந்திருக்கும். அவற்றின் வினைத்திறனை நிர்ணயிப்பது பெரும்பாலும் இவ்வேறுபாடே. மூன்று அலகு நேரேற்றமுள்ள இரும்பு அதனை ஆறு பிணைப்புகளுக்கும் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் அரை அலகு சேரும். ஆகவே இரண்டு இரும்புகளைப் பற்றிய ஐதரொட்சிலின் மறையேற்றம் முழுமையாக ஈடுசெய்யப்பட, அது புரோத்தனை, அதாவது நேரேற்றமுள்ள ஐதரசன் அயனை, ஏற்கவோ இழக்கவோ எளிதில் முற்படுவதில்லை. ஒரே இரும்பைப் பற்றியதற்கோ அரை அலகு மறையேற்றம் எஞ்சுகிறது. அது புரோத்தன் ஒன்றை ஏற்று நீராகும்போது, இலகுவில் விலகி வேறோர் அயனுக்கு இடங்கொடுக்கிறது.

கோதைற்றின் மேற்பரப்பு அமில, கார நிலையைக் காட்டும் பீஎச் பெறுமானம் ஏறத்தாழ 9 ஆகும்போதுதான் ஏற்றமற்றதாகிறது. அதற்குக் கீழே, அதாவது நம் மேட்டுநில மண்களின் வழக்கமான நிலையில், அது நேரேற்றம் உடையது. குளோரைட்டும் நைத்திரேற்றும் அந்த ஏற்றத்தின் கவர்ச்சியால் மட்டும் அருகில் நிற்பதால், மழைநீர் அவற்றை எளிதில் கொண்டுபோய்விடும். பொசுபரசைப் பயிர் உறிஞ்சும் வடிவமாகிய பொசுபேற்று அப்படியன்று. அடுத்தடுத்துள்ள இரண்டு, ஒரே இரும்பைப் பற்றிய ஐதரொட்சில்களை அகற்றி, இரண்டு இரும்புகளோடும் அது நேரடியாகப் பிணைகிறது. இட்ட பசளையின் பெரும் பங்கு பயிருக்கு எட்டாமல் மண்ணிலேயே தங்குவதற்கு இது ஒரு முக்கிய காரணம். கிணற்று நீரிலிருந்து நச்சுப்பொருளான ஆசனிக்கை நீக்குவதற்கு இரும்பொட்சைட்டு வடிகள் உதவுவதும் இதே வினையால்தான் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

கந்தளாய்க் குளத்தின் கீழுள்ள வயல்களைப்போல் நீர் நிறுத்தப்படும் நிலங்களில் நிலைமை மாறுகிறது. ஒட்சிசன் தீர்ந்தபின் நுண்ணங்கிகள் மூன்று அலகு நேரேற்றமுள்ள மூவலு இரும்பை இரண்டு அலகு உள்ள ஈரலு இரும்பாகத் தாழ்த்த, ஒட்சைட்டு கரைந்து, அது பிடித்துவைத்த பொசுபேற்று நெல்லுக்குக் கிடைக்கிறது. அறுவடைக்காக நீரை வடித்ததும் காற்றுப் பட்டு இரும்பு மீண்டும் வீழ்படிவாகிறது. அப்போது தோன்றும், நன்கு படிகமாகாத இரும்பொட்சைட்டாகிய பெரிஐதரைற்று மிக நுண்ணிய துணிக்கைகளாலானது. ஒரு கிராமுக்கு நூற்றுக்கணக்கான சதுர மீற்றர் மேற்பரப்பு உடையது. நெல்லுக்குப் பின் அதே வயலில் பயறு விதைப்பவர் பொசுபரசுப் பற்றாக்குறையைக் காண்பதற்கு இப்புதிய மேற்பரப்பும் காரணமாகலாம்.

இந்தப் படிகமாகாத பகுதியை, இருளில் அமோனியம் ஒட்சலேற்றுக் கரைசலால் பிரித்தெடுக்கும் முறையை மண்ணியல் அறிஞர் சுவேர்ட்மன் 1964இல் வெளியிட்டார். மண் பரிசோதனை அறிக்கையில் மொத்த இரும்போடு இந்த அளவும் இடம்பெறுமானால், மறுபோகப் பயிருக்குப் பொசுபேற்றுப் பசளையை எவ்வளவு இடுவது, விதையின் அருகே வரிசையாக இடுவதா வயல் முழுவதும் தூவுவதா என்பவற்றை நம் விவசாயிகள் தக்க ஆதாரத்தோடு தீர்மானிக்க இயலும்.