ஊசிக் குப்பிக்குள் பாதரசமா?

வணக்கம். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தாயொருத்தி என்னை வழிமறித்தாள். முதுகில் கொழுந்துக்கூடை. "டொக்டர், புள்ளைங்க ஊசியில பாதரசம் கலக்குறாங்களாமே? ஓட்டிசம் வரும்னு போன்ல வந்துச்சு. நாலாம் மாச ஊசிக்குக் கூட்டிட்டுப் போகவா, வேணாமா?"

ஓட்டிசம் என்பது பிள்ளை பேசுவதையும் பழகுவதையும் பாதிக்கும் வளர்ச்சிக் குறைபாடு. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். பாதரசம் நஞ்சுதான். ஜப்பானில், மினமாட்டாவில் ஆலைக்கழிவு ஊறிய மீனைச் சாப்பிட்டவர்களின் நரம்புகளை அது சிதைத்தது. ஆனால் அது மெதைல் பாதரசம். சில ஊசி மருந்துகளில் கிருமி வளராமல் இருக்கச் சேர்க்கும் தயோமெர்சல் என்ற பொருளில்தான் பாதரசம் இருக்கிறது; அது உடம்பில் எதைல் பாதரசமாகப் பிரியும். சாராயத்தில் இருப்பது எதைல், கண்ணைப் பறிக்கும் கள்ளச்சரக்கில் இருப்பது மெதைல் என்பது நம் லயங்களில் தெரிந்த கதைதானே? மெதைல் பாதரசம் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஒன்றரை மாதமாகும். எதைல் ஏறத்தாழ ஒரு வாரத்தில் பாதியாகி, மலத்தோடு கழிந்துவிடும். ஒரு ஊசியில் அதிகபட்சம் 25 மைக்ரோகிராம் பாதரசம். ஒரு கிராமை நாற்பதாயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு.

அதையும் ஏன் சேர்க்க வேண்டும்? 1928 இல் அவுஸ்திரேலியாவின் பண்டபேர்க்கில், தொண்டைக்கரப்பான் தடுப்பு மருந்துப் போத்தல் ஒன்றில் கிருமி வளர்ந்தது. கிருமி வளராமல் காக்கும் பொருள் எதுவும் அதில் இல்லை. ஊசி போட்ட பிள்ளைகளில் 12 பேர் இறந்துபோனார்கள். ஒரே குப்பியின் மூடியில் பத்துப் பிள்ளைகளுக்காகப் பத்துத் தடவை ஊசி இறங்கும்போது, உள்ளே கிருமி புகாமல் காவல் நிற்பது இந்தத் தயோமெர்சல்தான். எல்லா ஊசியிலும் இது கிடையாது. காசநோய்க்கான பீ.சீ.ஜி., சின்னமுத்து முதலியவற்றுக்கான எம்.எம்.ஆர்., போலியோ சொட்டு மருந்து இவற்றில் இல்லவே இல்லை. சேர்த்தால் மருந்திலுள்ள, பலவீனமாக்கப்பட்ட உயிர்க்கிருமியே செத்துவிடும். அதனால்தான் திறந்த பீ.சீ.ஜி., எம்.எம்.ஆர். குப்பிகளை ஆறு மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்காமல் எறிகிறோம்.

1999 இல் அமெரிக்கா, முன்னெச்சரிக்கையாக, சிறுபிள்ளைகளின் ஊசிகளிலிருந்து இதை நீக்கச் சொன்னது. அந்தச் செய்திதான் பாதியாக நறுக்கப்பட்டு இன்னும் போனில் சுற்றுகிறது. டென்மார்க் அதற்கு முன்பே, 1992 இல் நிறுத்திவிட்டது. அங்கே நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். தயோமெர்சல் ஊசி பெற்றவர்களுக்கு ஓட்டிசம் கூடவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்தத் தாய், "நாள் தள்ளிப்போனா முதல்ல இருந்து போடணுமா?" என்றாள். தேவையில்லை, அம்மா. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அடுத்த கிளினிக் நாளில் கார்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒருநாள் பேர், அதாவது அன்றைய நாட்கூலி, போகும் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் வாருங்கள்.