கோஹென், காட்ஸ், ககன்: ஒரே எபிரேய வேர்

[திரையில்: பழைய யூதக் கல்லறைக் கல், மேலே செதுக்கிய இரண்டு கைகள்]

இந்தக் கைகளைக் கவனியுங்கள், விரல்கள் இரண்டிரண்டாகப் பிரிந்திருக்கின்றன. கீழே இருக்கும் எபிரேயம் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இங்கே புதைக்கப்பட்டவர் கோஹென் வழியில் வந்தவர் என்று இந்தக் கைகளே சொல்லிவிடும். கோஹென் என்றால் ஆசாரியர், அதாவது மோசேயின் அண்ணன் ஆரோனின் வம்சத்தில் பிறந்து எருசலேம் ஆலயத்தில் பலி செலுத்தியவர். கி.பி. 70இல் ரோமர்கள் அந்த ஆலயத்தை இடித்தார்கள், பலி நின்றது, ஆனால் பட்டம் மட்டும் தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்துகொண்டே இருந்தது. இன்றைக்கும் யூதர்களின் வேதமான தோராவை வாசிக்க முதலில் கூப்பிடுவது கோஹெனைத்தான், அடுத்து லேவியை, அதாவது ஆலயத்தில் ஆசாரியர்களுக்கு உதவிய லேவி கோத்திரத்தாரை.

அந்தப் பட்டம்தான் பிறகு குடும்பப் பெயரானது. ரஷ்ய மொழியில் 'ஹ' ஒலி கிடையாது, அதனால் அங்கே ககன், கோகன். லேவியிலிருந்து லெவின்.

[திரையில்: இரண்டு எபிரேய எழுத்துகள், நடுவே இரட்டைக் கோடு]

எனக்கு மிகவும் பிடித்தது காட்ஸ். ஜெர்மன் தெரிந்தவர்களுக்குப் பூனைதான் ஞாபகம் வரும். ஆனால் இது 'கோஹென் ட்ஸெடெக்', நீதியின் ஆசாரியர், என்ற இரண்டு சொற்களின் முதல் எழுத்துகள். எபிரேயத்தில் எழுதும்போது நடுவில் வரும் இரட்டைக் கோடு இது சுருக்கம் என்று காட்டிவிடும், ரோமன் எழுத்துக்கு மாறியதும் அந்தக் கோடு காணாமல் போக, பெயர் அசல் ஜெர்மன் பெயர் போலவே ஆகிவிட்டது! சேகல் என்ற பெயரையும் இதேபோல லேவியருக்கான ஒரு பட்டத்தின் சுருக்கமாகத்தான் பிரித்துப் படிக்கிறார்கள்.

சரி, அப்படியானால் ரோசன்பெர்க் போன்ற பெயர்கள்? பதினெட்டாம் நூற்றாண்டு வரை கிழக்கு, மத்திய ஐரோப்பாவில் பெரும்பாலான யூதர்களுக்கு நிலையான குடும்பப் பெயரே இல்லை, தாவீது பென் யோசேப்பு, அதாவது யோசேப்பின் மகன் தாவீது, அவ்வளவுதான். 1787இல் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப், ஜெர்மன் குடும்பப் பெயர் வைத்தே தீர வேண்டும் என்று ஆணையிட்டார், 1808இல் நெப்போலியனும் நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்றார். அரசாங்கப் பதிவேட்டுக்காக வந்த பெயர்கள் அவை.

அப்புறம் இருபதாம் நூற்றாண்டில் பலர் எபிரேயத்துக்குத் திரும்பினார்கள். இஸ்ரேலின் முதல் பிரதமரான டேவிட் க்ரூன், பென் குரியன் ஆனார். அவர் வற்புறுத்தியதால் 1956இல் வெளியுறவு அமைச்சரான கோல்டா மேயர்சன், கோல்டா மேயிர் ஆனார். மேயிர் என்றால் ஒளி தருபவர். மேயர்சனுக்குள் இருந்ததும் அதே மேயிர்தான், மகன் என்று பொருள்படும் 'சன்' மட்டும் போனது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெயர் கோஹென் என்பதாலேயே ஒருவர் ஆசாரிய வழி என்று முடிவு கட்ட முடியாது, பெயர் காட்ஸோ கோஹெனோ இல்லாத ஆசாரிய வம்சத்தாரும் உண்டு. ஆனால் அந்த வழி இன்றும் வாழ்க்கையைப் பாதிக்கிறது: இஸ்ரேலில் யூதத் திருமணப் பதிவு ரபிகள் என்ற யூத மதகுருக்களின் கையில் இருக்கிறது, ஆசாரிய வழி ஆண் விவாகரத்தான பெண்ணை மணக்க மதச் சட்டம் அனுமதிப்பதில்லை, அதனால் அப்படிக் காதலிப்பவர்கள் சைப்ரஸ் வரை போய்த் தாலுகா அலுவலகம் மாதிரி ஓர் இடத்தில் கையெழுத்துப் போட்டுத் திருமணம் செய்துகொண்டு வருகிறார்கள்.