ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலி

(எங்கள் ஊர் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் பேசியது. பேசும்போது இரண்டு முறை சொன்னதை எழுத்தில் ஒரு முறையாக்கியிருக்கிறேன்.)

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம். அமெரிக்காவின் கறுப்பினக் கல்லூரிகளில் பன்முகத்தன்மைப் பயிற்சி, அதாவது பல தரப்பினரும் வேறுபாடின்றிப் பழகச் சொல்லித்தரும் வகுப்பு, எதற்கு என்பதுதான் இன்றைய பேச்சு.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் துளசேந்திரபுரம் என்றோர் ஊர். 2020-ல் கமலா ஹாரிஸ் துணை அதிபர் தேர்தலில் நின்றபோது அங்கே கோலம் போட்டு வாழ்த்தினார்கள். அம்மா வழித் தாத்தாவின் ஊர். இதெல்லாம் நமக்குத் தெரியும். அவர் எந்தக் கல்லூரியில் பட்டம் வாங்கினார் என்று கேட்டால் பாதிப்பேர் கூரையைப் பார்ப்போம். வாஷிங்டனில் இருக்கும் ஹோவர்ட் பல்கலைக்கழகம். 1986-ல் படித்து முடித்தார். உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டே ஆண்டில், 1867-ல், கறுப்பின மக்களுக்காகத் தொடங்கிய இடம் அது.

இப்படிப்பட்ட கல்லூரிகளுக்கு அமெரிக்கச் சட்டத்தில் தனிப் பெயரே உண்டு. வரலாற்றுக் கறுப்பினக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் என்று பொருள்; ஆங்கிலத்தில் சுருக்கமாக எச்.பி.சி.யூ. என்பார்கள். 1964-க்கு முன் தொடங்கியிருக்க வேண்டும். கறுப்பினத்தவருக்குக் கல்வி தருவது முதன்மை நோக்கமாக இருந்திருக்க வேண்டும். ஏறக்குறைய நூறு இருக்கின்றன.

இந்தத் தலைப்பைச் சொன்னதும் வட்டத்து நண்பர் ஒருவர் கேட்டார்: “கறுப்பர்களுக்கான கல்லூரியில் எதற்கு ஐயா பன்முகத்தன்மைப் பயிற்சி? அங்கே எல்லோரும் ஒரே இனம்தானே?” நியாயமான கேள்வி. ஆனால் இரண்டாவது வாக்கியம் தப்பு. இன்று அங்கே படிப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் கறுப்பினத்தவர் அல்லர். ஆசிரியர்களில் பாதிக்குச் சற்று மேல்தான் கறுப்பினத்தவர். ஹோவர்டில் முதன்முதலில் சேர்ந்த மாணவர்களே வெள்ளைக்காரப் பெண்பிள்ளைகள், அதை நிறுவியவர்களின் வீட்டுப் பிள்ளைகள். கதவைச் சாத்தியது கறுப்பினத்தவர் இல்லை. சாத்திய கதவுக்கு வெளியே நின்றவர்களுக்காகக் கட்டிய வீடு இது.

சரி, பயிற்சிக்கு வருவோம். நான் வேலை பார்த்த அலுவலகம் ஒன்றில் ஆண்டுக்கொரு முறை மின்னஞ்சல் வரும். நாற்பது நிமிடக் காணொளி, கட்டாயம் பார்க்க வேண்டும். நடுநடுவே ‘தொடர்க’ என்ற பொத்தானை அமுக்காவிட்டால் நின்றுவிடும். அதனால் ஒரு கையை மவுசில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் டீ குடிப்போம். கடைசியில் பத்துக் கேள்வி. எட்டு சரியாக இருந்தால் சான்றிதழ். கேள்விக்கான விடைகள் முந்தின வாரமே வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சான்றிதழ் வாங்கியதற்கு அடுத்த நாளும் நாங்கள் அதே ஆட்களோடுதான் சாப்பிட உட்கார்ந்தோம்.

இது என் அலுவலகத்து லட்சணம் மட்டுமில்லை. ஃபிராங்க் டாபின், அலெக்ஸாண்ட்ரா காலெவ் என்று இரண்டு சமூகவியலாளர்கள். 800-க்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்களின் முப்பதாண்டுக் கணக்கைப் புரட்டினார்கள். கட்டாயப் பயிற்சி கொண்டுவந்து ஐந்து ஆண்டுகள் கழித்து மேலாளர் பதவிகளில் கறுப்பினப் பெண்களின் பங்கு கூடவில்லை. சராசரியாக 9 சதவீதம் குறைந்திருந்தது.

அப்படியென்றால் யார் யார் பக்கத்தில் வந்து உட்கார்கிறார்கள் என்பதை எது தீர்மானிக்கிறது? பால்டிமோரில் நடந்த கதையைச் சொல்கிறேன்.

அங்கே மார்கன் ஸ்டேட் என்ற கறுப்பினப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதில் எம்.பி.ஏ. படிப்பு. 1970-களில் அதில் வெள்ளை மாணவர்களும் கணிசமாகப் படித்தார்கள். யாரும் பயிற்சி வகுப்பு நடத்தி அவர்களை அழைத்து வரவில்லை. எம்.பி.ஏ. வேண்டும், அது இங்கே கிடைக்கிறது, வந்தார்கள். அப்புறம் சுற்றுவட்டாரத்தில் இருந்த, வெள்ளையர் பெரும்பான்மையான கல்லூரிகளிலும் அதே படிப்பு முளைத்தது. வெள்ளை மாணவர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். கடைசியாக 2005-ல் டௌசன், பால்டிமோர் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஓர் எம்.பி.ஏ. தொடங்கக் கேட்டன. மார்கன் எதிர்த்தது. இரண்டும் அதற்குச் சில மைல் தூரத்தில் இருப்பவை. மாநில அரசு அனுமதி கொடுத்துவிட்டது.

ஒரே தெருவில் ஒருவர் நன்றாக மெஸ் நடத்துகிறார். எதிர்வரிசையில் அதே மெனுவோடு இன்னொரு மெஸ்ஸுக்கு நகராட்சியே பணம் கொடுத்துத் திறந்து வைக்கிறது. பிறகு முதல் மெஸ்காரரிடம் வந்து, “உங்கள் கடைக்கு ஏன் எல்லாத் தரப்பு ஆட்களும் வருவதில்லை?” என்று கேட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

2006-ல் முன்னாள் மாணவர்களும் மற்றவர்களும் சேர்ந்து மேரிலாந்து மாநிலத்தின் மீது வழக்குப் போட்டார்கள். 2013-ல் நீதிபதி கேத்தரின் பிளேக் தீர்ப்புச் சொன்னார். அதன் சாரம் இது: தேவையில்லாமல் படிப்புகளை இரட்டிப்பாக்குவது நிறப்பிரிவினைக் காலத்தின் மிச்சம்; மாநிலம் அதை இன்னும் துடைக்கவில்லை. அந்தக் காலத்தில் கறுப்பினப் பிள்ளை வெள்ளைக் கல்லூரிக்குள் வந்துவிடக்கூடாது என்பதற்காக எதையும் இரண்டிரண்டாக வைத்தார்கள். வைக்க முடியாத இடத்தில் பணம் கொடுத்து வெளிமாநிலத்துக்கே அனுப்பினார்கள். இதே மேரிலாந்தின் சட்டக் கல்லூரி கறுப்பினத்தவரைச் சேர்க்காது என்பதால்தான் பால்டிமோர் பையன் தர்குட் மார்ஷல், பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி, ஹோவர்டுக்குப் போனார். 1933-ல் பட்டம் வாங்கினார். மூன்றே ஆண்டில் மேரிலாந்துச் சட்டக் கல்லூரியின் கதவை நீதிமன்றத்தில் வாதாடித் திறந்தார்.

மேரிலாந்து வழக்கு 2021-ல் சமரசத்தில் முடிந்தது. நான்கு கறுப்பினப் பல்கலைக்கழகங்களுக்கும் சேர்த்துப் பத்தாண்டுகளில் 57.7 கோடி டாலர். வழக்குப் போட்டுப் பதினைந்து ஆண்டு ஆகியிருந்தது. எனக்கென்னவோ அந்தப் பணத்தைவிட, புதிய படிப்புகள் தொடங்குவதற்கும் அதில் இடம் ஒதுக்கினார்களே, அதுதான் பெரிதாகப் படுகிறது.

மிசிசிப்பியில் நடந்ததைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. 1975-ல் ஜேக் ஏயர்ஸ் என்பவர் தன் மகனுக்காகவும் மற்றக் கறுப்பின மாணவர்களுக்காகவும் வழக்குப் போட்டார். மாநிலம் கறுப்பினக் கல்லூரிகளுக்குக் கிள்ளிக் கொடுத்து மற்றவற்றுக்கு அள்ளிக் கொடுக்கிறது என்பது புகார். 1992-ல் உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் தவறு கண்டது. 2002-ல் சமரசம்: 17 ஆண்டுகளில் 50.3 கோடி டாலர். ஏயர்ஸ் அதற்கு வெகு முன்பே காலமாகியிருந்தார்.

அந்தச் சமரசத்தில் ஒரு கண்ணி இருந்தது. அறக்கட்டளை நிதியாக ஒரு பகுதியை ஒதுக்கினார்கள். அதைக் கல்லூரிகள் தங்கள் கையில் வாங்க வேண்டுமென்றால் மாணவர்களில் 10 சதவீதம் பிற இனத்தவராக இருக்க வேண்டும், அதுவும் தொடர்ந்து மூன்று ஆண்டு. பாருங்கள், 1962-ல் ஜேம்ஸ் மெரிடித் என்ற ஒரே ஒரு கறுப்பின மாணவர் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேர ராணுவம் வர வேண்டியிருந்தது. அந்தக் கலவரத்தில் இரண்டு பேர் செத்தார்கள். அதுவரை மெரிடித் படித்துக்கொண்டிருந்தது ஜாக்சன் ஸ்டேட்டில். பத்து சதவீதக் கணக்குக் காட்டச் சொன்ன மூன்று கல்லூரிகளில் அதுவும் ஒன்று. அடைத்தவன் வீட்டுக் கணக்கை விட்டுவிட்டு, அடைபட்டவன் வீட்டில் யார் யார் விருந்துக்கு வருகிறார்கள் என்று எண்ணுகிறார்கள்.

எண்ணிக்கை மட்டும்தான் குறி என்றால் மேற்கு வர்ஜீனியாவின் புளூஃபீல்ட் ஸ்டேட்டுக்கு முதல் பரிசு கொடுக்கலாம். நிலக்கரிச் சுரங்க வட்டாரத்துக் கறுப்பினப் பிள்ளைகளுக்காக 1895-ல் தொடங்கியது. இன்று அங்கே பெரும்பான்மை வெள்ளை மாணவர்கள். கறுப்பின மாணவர்கள் சிறு பங்குதான். சட்டப்படி இன்னமும் அது எச்.பி.சி.யூ.தான்.

பன்முகத்தன்மையோடு சேர்த்துச் சொல்லும் சமநீதி என்ற சொல்லை நான் கல்யாணப் பந்தியை வைத்துத்தான் புரிந்துகொள்கிறேன். கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவருக்கும் அதே இலை, அதே தண்ணீர். பாயசம் மட்டும் தீர்ந்திருக்கும். 1890-ல் வந்த சட்டப்படி வேளாண் கல்விக்கென்று 19 கறுப்பினக் கல்லூரிகள் இருக்கின்றன. மத்திய அரசு தரும் பணத்துக்கு ஈடாக மாநிலமும் போட வேண்டும். 2023 செப்டம்பரில் மத்தியக் கல்வித் துறையும் வேளாண் துறையும் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதின. 1987 முதல் 2020 வரை இந்தக் கல்லூரிகளுக்கு வந்திருக்க வேண்டிய பணத்தில் 1,200 கோடி டாலருக்கு மேல் குறைகிறது என்றன. டென்னசி ஸ்டேட்டுக்கு மட்டும் 210 கோடி.

உள்ளேயும் குறை இல்லாமல் இல்லை. மார்ட்டின் லூதர் கிங் படித்த மோர்ஹவுஸ், ஆண்கள் கல்லூரி. 2009-ல் அங்கே ஓர் உடை விதி போட்டார்கள். வகுப்பில் தொப்பி கூடாது, கீழே இறங்கித் தொங்கும் பேன்ட் கூடாது. கூடவே, பெண்கள் உடை கூடாது. கடைசி விதி யாரைக் குறிவைத்தது என்று வளாகத்தில் எல்லோருக்கும் தெரியும். பத்து ஆண்டு கழித்து, 2019-ல், அதே கல்லூரி திருநம்பிகளைச் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தது. அறிவித்ததோடு வேலை முடியாது. விடுதி அறை, பதிவேட்டில் பெயர், காவலாளி பேசும் தொனி என்று ஒவ்வொன்றையும் யாராவது உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும். பயிற்சிக்கு அங்கே இடம் இருக்கிறது. காவலாளிக்குச் சொல்லித் தருவதும் பயிற்சிதானே.

இப்போது காற்று வேறு பக்கம் அடிக்கிறது. டெக்சசில் 2024 ஜனவரி முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்முகத்தன்மை அலுவலகம் வைக்கக் கூடாது, கட்டாயப் பயிற்சியும் கூடாது. பிரைரி வியூ, டெக்சஸ் சதர்ன் இரண்டும் அரசுக் கறுப்பினப் பல்கலைக்கழகங்கள், அவற்றுக்கும் இந்தச் சட்டம்தான். காணொளி போனதற்காக நான் அழமாட்டேன். அந்த அலுவலகங்கள் செய்துவந்த மற்ற வேலைகளை இனி யார் செய்வார்கள் என்பதுதான் என் கவலை.

எனக்குத் தெரிந்த ஆகச் சிறந்த பயிற்சியை ஓர் அகதி நடத்தினார். பெயர் எர்ன்ஸ்ட் போரின்ஸ்கி. ஜெர்மனியில் வழக்கறிஞராக இருந்த யூதர். நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா வந்தார், ராணுவத்தில் இருந்தார். 1947-ல் மிசிசிப்பியில் டூகலூ என்ற சிறிய கறுப்பினக் கல்லூரியில் சமூகவியல் கற்பிக்கச் சேர்ந்தார். ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் அவருடைய சமூக அறிவியல் கூடம். அங்கே மாலையில் பேச்சுக் கூட்டங்கள் நடக்கும். பக்கத்து ஜாக்சனிலிருந்து மில்சாப்ஸ் என்ற வெள்ளையர் கல்லூரி மாணவர்களும் வருவார்கள். இரு இனத்தாரும் ஒரே அறையில் சேர்ந்து உட்காருவதே அன்று அந்த ஊரில் வம்பை விலைக்கு வாங்கும் வேலை.

போரின்ஸ்கி தன் மாணவர்களிடம், கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடுங்கள் என்பார். வந்து ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில் உட்காரச் சொல்வார். பிறகு வருகிற வெள்ளை மாணவர்களுக்கு வேறு இடம் இருக்காது. எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் இரண்டு பக்கமும் கறுப்பின மாணவர்கள்தான் இருப்பார்கள்.

1983-ல் இறக்கும்வரை அவர் டூகலூவிலேயே இருந்தார். அடக்கம் செய்ததும் அந்த வளாகத்திலேயேதான்.